செம்பில் பூக்கும் பச்சை: அட்டகாமைட் படிகத்தின் உள்ளே

கடல்நீர் ஓடும் வெப்பப் பரிமாற்றியைப் பிரித்துப் பார்த்தால், செம்புக் குழாய்களின் மேல் அங்கங்கே பச்சைப் பொடி படர்ந்திருக்கும். அதைக் கண்டதும் எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகை. “களிம்புதான், அது உலோகத்துக்குக் கவசம், இருந்துவிட்டுப் போகட்டும்” என்பது ஒன்று. “தேய்த்துக் கழுவிவிட்டால் தீர்ந்தது” என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே: செம்பின் மேல் வரும் பச்சை எல்லாம் ஒரே பொருள் என்ற எண்ணம்.

உண்மையில் அந்தப் பச்சைக்குள் பல கனிமங்கள் இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் சேர்ந்தால் மாலகைட் உண்டாகலாம். கந்தகப் புகை கலந்த நகரக் காற்றில் புரோகான்டைட் உண்டாகிறது. 1886இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் பச்சையில் பெரும்பகுதி அதுதான். உப்பிலிருந்து வரும் குளோரைடு புகுந்துவிட்டாலோ அட்டகாமைட்டும் அதன் உடன்பிறப்புகளும் தலைகாட்டுகின்றன. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். குழாய், வால்வு, மின்சுற்றுப் பலகை என்று செம்பு இருக்கும் கருவிகளில் அதிகத் தொல்லை தருவது இந்தக் குடும்பம்தான். ஏன் என்பதற்கான விடையில் பாதி அதன் படிக அமைப்பிலேயே இருக்கிறது.

பொடியும் படிகமே

படிகம் என்றதும் பளபளக்கும் கல் நினைவுக்கு வருகிறது. அறிவியலில் அந்தச் சொல்லுக்கும் பளபளப்புக்கும் தொடர்பில்லை. அணுக்கள் ஒரே ஒழுங்கில், மூன்று திசைகளிலும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருந்தால் அது படிகம். விரலில் ஒட்டிக்கொள்ளும் பச்சைப் பொடியின் ஒவ்வொரு துகளும் அப்படிப்பட்ட நுண்படிகங்களின் குவியல்தான். கண்ணுக்கு மாவுபோலத் தெரிவதால் உள்ளே ஒழுங்கில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

திரும்பத் திரும்ப வரும் அந்த அடிப்படைப் பெட்டிக்கு அலகுக்கூடு என்று பெயர். அதன் அளவைச் சொல்ல மில்லிமீட்டர் உதவாது, ஆங்ஸ்ட்ராம் வேண்டும். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம். அட்டகாமைட்டின் அலகுக்கூடு எல்லா மூலைகளும் செங்கோணமான ஒரு பெட்டி. அதன் பக்கங்கள் 6.03, 6.87, 9.12 ஆங்ஸ்ட்ராம், மூன்றும் மூன்று அளவு. அதற்குள் எட்டுச் செம்பு, பன்னிரண்டு ஹைட்ராக்சைடு, நான்கு குளோரைடு இருக்கின்றன. ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த சோடிதான் ஹைட்ராக்சைடு. சுருக்கிச் சொன்னால் இரண்டு செம்புக்கு மூன்று ஹைட்ராக்சைடு, ஒரு குளோரைடு. இந்த 2:3:1 விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.

செம்பைச் சுற்றி ஆறு பேர்

உலோகமாக இருக்கும் செம்பு எலக்ட்ரான்களை இழக்கும்போது அயனி ஆகிறது, அதாவது மின்சுமை ஏறிய அணு ஆகிறது. ஓர் எலக்ட்ரானை இழந்த செம்பு ஒரு வகை, இரண்டை இழந்த செம்பு வேறு வகை. இவற்றைச் செம்பு ஒன்று, செம்பு இரண்டு என்று அழைப்போம். பச்சைக் கனிமங்களில் இருப்பது செம்பு இரண்டு.

அட்டகாமைட்டில் ஒவ்வொரு செம்பு அயனியைச் சுற்றியும் ஆறு அண்டை அயனிகள் நிற்கின்றன: சுற்றிலும் நான்கு, மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த ஆறு புள்ளிகளையும் கோடுகளால் இணைத்தால் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட உருவம் கிடைக்கும். அதற்கு எண்முகி என்று பெயர். செம்பில் பாதி, நான்கு ஹைட்ராக்சைடையும் இரண்டு குளோரைடையும் அண்டையில் கொண்டிருக்கிறது. மறுபாதிக்கு ஐந்து ஹைட்ராக்சைடும் ஒரு குளோரைடும்.

இந்த எண்முகி சீரானதல்ல. நான்கு அண்டைகள் ஏறக்குறைய 2 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் இறுக்கமாக நிற்க, மேலும் கீழும் உள்ள இரண்டு விலகி நிற்கின்றன. குளோரைடுகள் 2.7 ஆங்ஸ்ட்ராமையும் தாண்டிய தூரத்தில் இருக்கின்றன. யாரோ எண்முகியின் இரு முனைகளையும் பிடித்து இழுத்துவிட்டதுபோல ஒரு தோற்றம். செம்பு இரண்டின் வெளிக் கூட்டில் எலக்ட்ரான்கள் சமமாகப் பரவாததுதான் காரணம்: பத்துப் பேருக்கான இடத்தில் ஒன்பதே இருக்கின்றன. இப்படிப்பட்ட நிலையில் சீரான உருவம் நிலைக்காமல் நெளியும் என்பதை 1937இல் இயற்பியலாளர்கள் ஹெர்மன் யானும் எட்வர்ட் டெல்லரும் காட்டினார்கள். அதனால் இது யான்-டெல்லர் விளைவு எனப்படுகிறது. பச்சை நிறத்துக்கும் மூலம் இந்த ஒன்பது எலக்ட்ரான்கள்தாம். காலியாக உள்ள ஓர் இடத்துக்குத் தாவ அவை ஒளியின் சிவப்புப் பகுதியை விழுங்கிக்கொள்கின்றன. மிஞ்சுவது பச்சையும் நீலமும்.

குளோரைடு தளர்வாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதும், ஆனாலும் அது கூட்டுக்குள் நிலையான ஓர் இடத்தில் இருக்கிறது என்பதும் இங்கே கவனிக்கவேண்டிய இரண்டு செய்திகள். அட்டகாமைட் என்பது உப்பு ஒட்டிக்கொண்ட செம்பு அல்ல. உப்பின் ஒரு பங்கைத் தன் கட்டமைப்பிலேயே வைத்துக் கட்டிய தனிப் பொருள்.

ஒரே செங்கல், மூன்று சுவர்

இனி வருவதுதான் பலரும் குழம்பும் இடம். மேலே சொன்ன 2:3:1 விகிதத்திலேயே, ஓர் அணுகூட மாறாமல், வேறு கனிமங்களும் இருக்கின்றன. ஒரே கூட்டுப்பொருள் பல படிக அமைப்புகளை ஏற்பதைப் பல்லுருவம் என்கிறோம். ஒரே சூளைச் செங்கல்லை வைத்து மூன்று கொத்தர்கள் மூன்று விதமாகச் சுவர் எழுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மெல்லிய சுவர்களை அருகருகே நிறுத்துகிறார். இன்னொருவர் அப்படி நிறுத்திய சுவர்களுக்கு இடையே குறுக்குக் கல் வைத்துப் பிணைக்கிறார். மூன்றாமவர் சுவர், குறுக்குக் கல் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாத் திசையிலும் கோத்துக் கட்டுகிறார். செங்கல் எண்ணிக்கை ஒன்றே; உறுதி ஒன்றல்ல.

முதல் கொத்தரின் வேலை பொடாலக்கைட். இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள பொடாலக் சுரங்கத்தின் பெயர் அதற்கு. இதில் எல்லா எண்முகிகளும் விளிம்போடு விளிம்பு ஒட்டித் தாள்போன்ற அடுக்குகளாக இருக்கின்றன. ஓர் அடுக்கையும் அடுத்ததையும் இணைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு மட்டுமே; அதாவது ஹைட்ராக்சைடில் உள்ள ஹைட்ரஜன் பக்கத்து அடுக்கின் குளோரைடை மெல்ல ஈர்க்கும் ஈர்ப்பு. அடுக்குகளுக்கு நடுவே செம்பு எதுவும் இல்லை.

இரண்டாமவரின் வேலை கிளினோஅட்டகாமைட். இதில் செம்பின் நான்கில் மூன்று பங்கு அடுக்குக்குள் இருக்கிறது. செம்பு அயனிகளாலான முக்கோணங்கள் மூலையோடு மூலை தொட்டு நிற்கும் ஒரு வலை அது. மீதி ஒரு பங்கு அடுக்குகளுக்கு இடையே குறுக்குக் கல்லாக அமர்ந்திருக்கிறது. இந்த இடைச் செம்புக்கு ஆறு அண்டைகளுமே ஹைட்ராக்சைடுகள், குளோரைடு நேரடியாகத் தொடுவதில்லை. உவமையை இந்த இடத்தில் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் செங்கல்லின் வடிவமே இங்கு கொஞ்சம் மாறிவிடுகிறது.

மூன்றாமவரின் வேலைதான் அட்டகாமைட். பாதிச் செம்பின் எண்முகிகள் விளிம்பு ஒட்டி நீண்ட சங்கிலிகளாக ஓடுகின்றன. மறுபாதி அந்தச் சங்கிலிகளை மூன்று திசைகளிலும் இணைக்கிறது.

இவற்றில் எது முதலில் உண்டாகும்? உறுதி மிக்கதுதான் முதலில் வரும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. உப்பு நீரில் செம்பு அரிக்கப்படும்போது பெரும்பாலும் முதலில் தோன்றுவது, மூன்றிலும் நிலைத்தன்மை குறைந்த பொடாலக்கைட். அவசரத்தில் கட்ட எளிது அதுதான். பின்பு அது கரைந்து மறுபடி படிந்து அட்டகாமைட்டாகவோ கிளினோஅட்டகாமைட்டாகவோ மாறுகிறது. சாதாரண வெப்பநிலையில் மிக நிலையானது கிளினோஅட்டகாமைட். அப்படியிருந்தும் அட்டகாமைட் பரவலாகக் கிடைக்கிறது. அதன் கட்டமைப்பைக் கலைத்து மீண்டும் கட்ட ஆற்றல் தேவை. அந்த ஆற்றல் கிடைக்காதவரை அது இருந்த இடத்தில் இருக்கும். நிலைத்தன்மை குறைந்த வடிவம் முன்னே வந்து படிப்படியாக உறுதிக்கு நகர்வதை வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1897இலேயே ஒரு பொதுப் போக்காகச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பச்சைப் பொடி ஒரு படிகம், அதன் அடிப்படை அலகு நெளிந்த எண்முகி, அதே அணுக்கள் மூன்று விதமாக அடுக்கப்படுவதால் மூன்று கனிமங்கள். இனி இவை கருவியில் எப்படி வந்து சேர்கின்றன என்று பார்க்கலாம்.

பச்சைக்கு அடியில் இருக்கும் வெள்ளை

அரிக்கப்பட்ட குழாயில் வெளிர்பச்சைப் புள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உருப்பெருக்கியின் கீழ் ஊசி முனையால் மெல்லக் கிளறினால், பச்சை எளிதாக உதிர்ந்துவிடும். அதற்குக் கீழே செங்கல் நிறத்தில் ஒரு மெல்லிய தோல். அதையும் துளைத்தால் சின்னக் குழிக்குள் மெழுகுபோல வெளிறிய, சாம்பல் கலந்த வெள்ளைப் பொருள் ஒன்று தெரியும். அதற்கும் அடியில்தான் செம்பு.

சிவப்புத் தோல் குப்ரைட், செம்பும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்தது. வெள்ளை மெழுகு நான்டோகைட், செம்பும் குளோரைடும் சரிசமமாகச் சேர்ந்தது. இரண்டிலும் இருப்பது செம்பு ஒன்று. நான்டோகைட்டில் செம்பின் வெளிக் கூடு பத்து எலக்ட்ரான்களோடு நிறைந்திருப்பதால் தாவுவதற்குக் காலியிடம் இல்லை. ஆகவே பச்சையும் இல்லை. பச்சையை மட்டும் தேடுகிறவர் கண்ணில் நான்டோகைட் படாமலேயே போவது இதனால்தான். என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் முதல் குற்றவாளி அட்டகாமைட் அல்ல, இந்த நிறமற்ற நான்டோகைட்.

படிக அமைப்பு தெரிந்தால் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கணக்கிடலாம். அலகுக்கூட்டின் கன அளவை அதிலுள்ள செம்பு அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். உலோகச் செம்பில் ஓர் அணுவுக்கு 11.8 கன ஆங்ஸ்ட்ராம். குப்ரைட்டில் ஒரு செம்புக்கு 19.5. நான்டோகைட்டில் 39.7. அட்டகாமைட்டில் 47.2. அதாவது, செம்பு முழுவதும் அட்டகாமைட்டாக மாறினால் முன்பு இருந்ததைப் போல நான்கு மடங்கு இடம் வேண்டும்.

இந்த நான்கு எண்களிலேயே பாதிக் கதை இருக்கிறது. மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் குப்ரைட் குறைவாகவே பருக்கிறது. உலோகத்தை ஒட்டியே வளர்வதால் அடர்த்தியான தோலாக மூடிக்கொள்கிறது. கவசம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லலாம். அட்டகாமைட் அப்படியல்ல. கரைந்த செம்பு வெளியே வந்து, நீரில் குளோரைடையும் ஹைட்ராக்சைடையும் சந்தித்துப் படிவதால், அது உலோகத்தோடு ஒட்டாத உதிரிப் பொடியாக வெளிப்புறம் குவிகிறது. குழிக்குள் இருக்கும் நான்டோகைட் திடீரென்று அட்டகாமைட்டாக மாறினாலோ, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பருத்து, மேலிருக்கும் தோலை உடைத்துத் தள்ளுகிறது. உடைந்த இடத்தில் ஈரமும் காற்றும் இன்னும் தாராளமாகப் புகுகின்றன.

இந்த உதிரிப் பொடிக்கும் உறுதி உண்டு என்பதற்கு ஒரு சின்னச் சான்று, பேச்சோடு பேச்சாக. கடற்கரைச் சேற்றில் வாழும் கிளைசெரா என்ற புழுவின் தாடை முனையில் அட்டகாமைட் இழைகள் இருப்பது 2002இல் கண்டறியப்பட்டது. தேய்மானம் தாங்கும் கடிவாய்க்கு அந்தப் புழு இதே கனிமத்தைப் பயன்படுத்துகிறது. படிகம் ஒன்றேதான், எங்கே, எதோடு பிணைந்து வளர்கிறது என்பதில்தான் வேறுபாடு.

குளோரைடின் வரவு செலவு

நான்டோகைட்டில் ஒரு செம்புக்கு ஒரு குளோரைடு. அட்டகாமைட்டில் இரண்டு செம்புக்கு ஒரு குளோரைடு. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விகிதம் இங்கே வேலைக்கு வருகிறது.

ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் நான்டோகைட் அட்டகாமைட்டாகிறது. நான்கு நான்டோகைட் அலகுகளில் நான்கு குளோரைடுகள் இருந்தன. அவற்றிலிருந்து கிடைக்கும் இரண்டு அட்டகாமைட் அலகுகளில் இரண்டு குளோரைடுகளுக்குத்தான் இடம். மிச்சமிருக்கும் இரண்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியேறுகின்றன. அந்த அமிலம் ஆக்சிஜனின் துணையோடு பக்கத்திலிருக்கும் புதுச் செம்பைத் தாக்கி மீண்டும் நான்டோகைட்டை உண்டாக்குகிறது. மறுபடியும் பாதி பூட்டப்படுகிறது, பாதி விடுபடுகிறது. அரும்பொருளகங்களில் இதற்கு வெண்கல நோய் என்று பெயர். ஒரு காலத்தில் கிருமிதான் காரணம் என்றுகூட நம்பினார்கள். குளோரைடு திரும்பத் திரும்பச் சுழல்வதாக 1890களில் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தலோ.

இதை முடிவே இல்லாத சுழற்சி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. ஒவ்வொரு சுற்றிலும் பாதி குளோரைடு அட்டகாமைட்டுக்குள் பூட்டப்படுவதால், புது உப்பு வராவிட்டால் 100, 50, 25 என்று கையிருப்பு குறைந்துகொண்டே போகும். மொத்தத்தில் குளோரைடைப் போல இரண்டு மடங்கு செம்பு அழிந்ததும் இந்தப் பாதை தானாகவே ஓய வேண்டும். ஆனால் இன்னொரு பாதையும் இருக்கிறது. நான்டோகைட் நீரோடு சேர்ந்து குப்ரைட்டாக மாறலாம். குப்ரைட்டில் குளோரைடுக்கு இடமே கிடையாது. அதனால் இந்த வழியில் அத்தனை குளோரைடும் அமிலமாகத் திரும்பி வந்துவிடும். கடல்நீர் ஓடும் குழாயிலோ வெளியிலிருந்தும் உப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே சுழற்சி நிற்காததற்குக் காரணம் அட்டகாமைட் அல்ல. உண்மையில் குளோரைடைப் பிடித்து வைப்பது அதுதான். விடுவிப்பவை மற்ற இரண்டும்.

பொடியைத் தேய்த்து எடுப்பதில் ஏன் பயனில்லை என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது. போவது பூட்டப்பட்ட பங்கு. குழிக்குள் இருக்கும் நான்டோகைட் அப்படியே இருக்கிறது, போதாக்குறைக்கு இப்போது காற்றும் படுகிறது. அதனால் பராமரிப்பில் முதல் வேலை ஈரத்தைக் குறைப்பது. ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வினை வெகுவாக மந்தமாகிவிடுகிறது. ஓடும் நீரில் இருக்கும் குழாய்க்கு அந்த வாய்ப்பில்லை. அங்கே குழி விழாத உலோகக் கலவையைத் தேர்ந்தெடுப்பதும், நீர் தேங்கும் மூலைகள் இல்லாமல் அமைப்பதும்தான் வழி.

எந்தப் பச்சை என்று எப்படித் தெரியும்?

கண்ணால் தெரியாது. நிறத்தை வைத்து அடித்துச் சொல்பவர்களை நம்பவேண்டாம். வேதிப் பகுப்பாய்வும் ஓரளவுதான் உதவும்: குளோரைடு இருக்கிறது, விகிதம் 2:3:1 என்று சொல்லும், மூன்று உடன்பிறப்புகளில் எது என்று சொல்லாது.

அதற்கு எக்ஸ் கதிர் வேண்டும். அணுக்களின் தளங்கள் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால், பட்ட எக்ஸ் கதிர்கள் சில கோணங்களில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தி வெளிவருகின்றன. இதற்கு எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு என்று பெயர். 1912இல் மாக்ஸ் ஃபான் லாவே குழுவினர் இதைக் காட்டினார்கள். கோணத்தை அளந்து தளங்களின் இடைவெளியைக் கணக்கிடும் வழியைப் பிராக் தந்தையும் மகனும் வகுத்தார்கள்.

இந்தச் சோதனையின் பதிவில் ஒவ்வொரு தள இடைவெளியும் ஒரு கோடாகத் தெரியும். அட்டகாமைட்டில் 5.48 ஆங்ஸ்ட்ராமில் ஒரு வலுவான கோடும், 5.03இல் இன்னொன்றும் வரும். கிளினோஅட்டகாமைட்டிலும் 5.47க்கு அருகில் வலுவான கோடு உண்டு, ஆனால் 5.03இல் எதுவும் வராது. பொடாலக்கைட்டில் முதல் கோடு 5.6ஐத் தாண்டியிருக்கும், அது அடுக்குகளுக்கு இடையிலான தூரம். வலுவான முதல் கோட்டை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் முதல் இரண்டும் மாறிப்போகும். இருப்பதும் இல்லாததுமான அந்த 5.03தான் வழக்கைத் தீர்க்கிறது. நான்டோகைட் இருந்தால் 3.13இல் ஒரு கோடு எழும். மாதிரியை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் அந்தக் கோடு மங்கிப்போகலாம், ஏனென்றால் சோதனைக்கு வருவதற்குள் அது பச்சையாக மாறியிருக்கும். உலர்ந்த புட்டியில் அடைத்து அனுப்புவது நல்லது.

பழைய அரிமான அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. அவற்றில் பாரட்டகாமைட் என்ற பெயர் அடிக்கடி வரும். ஹெர்பர்ட் ஸ்மித் 1906இல் விவரித்த கனிமம் அது. அடுக்குகளுக்கு இடையே குறுக்குக் கல்லாக இருக்கும் செம்பின் இடத்தில் துத்தநாகமோ நிக்கலோ ஓரளவு புகுந்தால்தான் அந்த அமைப்பு நிலைக்கும் என்பதும், வெறும் செம்பாக இருந்தால் அது வேறொரு கனிமம் என்பதும் 1996இல் தெளிவாயிற்று. அந்த வேறொன்றுக்குத்தான் கிளினோஅட்டகாமைட் என்று பெயர் வைத்தார்கள். குறுக்குக் கல் முழுவதுமே துத்தநாகமாகிவிட்டால் கிடைப்பது ஹெர்பர்ட்ஸ்மித்தைட், 2004இல் பெயர் பெற்றது. அதன் முக்கோண வலையில் செம்பின் காந்தத்தன்மை நடந்துகொள்ளும் விதத்தை இயற்பியலாளர்கள் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். எனவே 1996க்கு முந்தைய அறிக்கை சுத்தச் செம்புக் குழாயில் பாரட்டகாமைட் கண்டதாகச் சொன்னால், அதைக் கிளினோஅட்டகாமைட் என்றே படியுங்கள். குழாய் பித்தளையாக இருந்தால் அவசரப்படவேண்டாம். பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது, பழைய பெயரே சரியாகவும் இருக்கலாம்.